சூட்கேஸில் இரண்டரைக் கிலோ மருந்து

போன ஞாயிற்றுக்கிழமை மானிப்பாயில் சித்தி வீட்டு விறாந்தையில் ஒரு சூட்கேஸ் வாயைத் திறந்தபடி கிடந்தது. சித்தியின் மகள், எனக்குத் தங்கச்சி, ஜனவரியில் மாஸ்டர்ஸ் படிக்க லண்டன் போகிறாள். லண்டன் என்றால் லண்டன் இல்லை, அங்கிருந்து ரயிலில் மூன்று மணித்தியாலம் தள்ளி ஒரு நகரம், ஆனால் எங்கள் ஊர்க் கணக்கில் இங்கிலாந்து முழுவதுமே லண்டன்தான். பனங்கட்டி, மிளகாய்த்தூள், ஒடியல்மா எல்லாம் ஒரு பக்கம். மற்றப் பக்கத்துக்குச் சித்தி ஒரு சொப்பிங் பை நிறைய மருந்து கட்டி வைத்திருந்தார். பனடோல் பத்துக் கார்ட், தடிமனுக்குக் கரைத்துக் குடிக்கும் சமஹன் மூலிகைத் தூள் ஒரு பெட்டி, சித்தாலேப பூச்சு மருந்து மூன்று போத்தல், வயிற்றோட்டத்துக்கு ஜீவனிப் பைக்கற், அமொக்சிலின் என்ற அன்டிபயோட்டிக் இரண்டு கார்ட், பெயர் தேய்ந்துபோன ஏதோ மஞ்சள் குளிசை. தராசில் தூக்கிப் பார்த்தால் இரண்டரைக் கிலோ. மொத்தம் விடுவதே முப்பது கிலோ!

"அங்க டொக்டரைப் பாக்க மாசக்கணக்கில நிக்கோணுமாம் பிள்ளை. அந்தரம் ஆபத்துக்கு என்ன செய்யிறது?" என்றார் சித்தி.

எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் வெட்கமும் வந்தது. 2022 செப்டம்பரில் நான் போனபோது என் சூட்கேஸிலும் இதே பைதான் இருந்தது. அந்தப் பையை நம்பி இரண்டரை மாதம் ஓட்டியதால்தான் ஒரு நவம்பர் இரவு மூச்செடுக்க முடியாமல் கட்டிலில் குந்தியிருந்தேன். இதை இதுவரை எங்கேயும் எழுதவில்லை, அம்மா வாசிப்பார் என்பதால். இப்போது அவருக்கு எல்லாம் தெரியும், அதனால் எழுதலாம்.

முதலில் காசுக் கதையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் ஆட்கள் பிழைவிடும் இடமே அதுதான். இங்கிலாந்துக்கு மாணவர் விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது ஐ.எச்.எஸ் என்று ஒரு சுகாதாரக் கட்டணம் வாங்குகிறார்கள். 2015-இல் தொடங்கியபோது மாணவருக்கு வருடத்துக்கு 150 பவுண்ஸ். நான் கட்டிய காலத்தில் 470. 2024 பெப்ரவரியிலிருந்து 776. ஒரு வருடப் படிப்பு என்றாலும் விசா முன்னும் பின்னும் சேர்த்துப் பதினாறு மாதத்துக்கு மேல் வரும், கணக்கை ஒன்றரை வருடத்துக்குப் போடுவார்கள், ஆக இப்போது 1164 பவுண்ஸ். எங்கள் காசுக்கு நாலரை இலட்சத்துக்கு மேல். எனக்கு 705 வந்தது. ஆனால் அது 2022, பவுண்ஸ் நானூறு ரூபாயைத் தாண்டி நின்ற நேரம், பெற்றோல் வரிசையில் அப்பா ஒரு இரவு முழுக்க மோட்டார் சைக்கிளோடு நின்ற நேரம். மூன்று இலட்சம் ரூபாயைக் கார்டில் அழுத்திக் கட்டிய கையோடு, அது என்ன காசு, எதற்கு என்று நான் யோசிக்கவே இல்லை. விசாச் செலவில் ஒன்று என்று நினைத்தேன். எனக்கு அலுவல் பார்த்த ஏஜென்ட்டும் ஒன்றும் சொல்லவில்லை. வங்கிக் கணக்கில் எவ்வளவு காசு எத்தனை நாள் கிடக்க வேண்டும் என்று இருபது தரம் சொன்ன மனிதர், போனதும் ஜி.பி. என்ற குடும்ப வைத்தியரிடம் பதிந்துகொள் என்று ஒரு தரம் சொல்லவில்லை.

அதாவது, நீங்கள் சந்தாவை முன்கூட்டியே கட்டிவிட்டீர்கள். ஆஸ்பத்திரி, டொக்டர், எக்ஸ்ரே, ஸ்கேன், ஒப்பரேஷன், அம்புலன்ஸ், இதில் எதற்கும் அங்கே பிறந்தவரிடம் வாங்காத காசை உங்களிடம் வாங்கமாட்டார்கள். கட்டியும் போகாமல் இருந்தால் அது உங்கள் தருமம்.

இதில் இன்னொரு வேடிக்கை. இலங்கையிலிருந்து ஆறு மாதத்துக்கு மேல் போகிறவர்கள் காசநோய் இல்லை என்று சான்றிதழ் எடுக்க வேண்டும், அதற்குக் கொழும்பில் ஐ.ஓ.எம் என்ற சர்வதேசப் புலம்பெயர்வு அமைப்பின் நிலையத்துக்குப் போய் நெஞ்சுப் படம் எடுக்க வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து இரவு பஸ்ஸில் ஏறி, விடிய வெள்ளவத்தையில் இறங்கி முகம் கழுவி, படம் எடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினேன். எங்கள் நெஞ்சுக்குள் என்ன இருக்கிறது என்று போக முன்னரே அவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. போன பிறகு எங்கள் நெஞ்சை எங்கே காட்டுவது என்று எங்களுக்குத்தான் தெரிவதில்லை.

சரி, நவம்பர் இரவுக்கு வருகிறேன்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே தொய்வு. யாழ்ப்பாணத்து வீடுகளில் இந்தச் சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை, மற்றவர்களுக்கு: ஆஸ்துமா. பெரியாஸ்பத்திரிக் கிளினிக்கில் கொப்பி போட்டு, நீல இன்ஹேலரும் கபில நிற இன்ஹேலரும் எடுத்து வந்தவள் நான். கபிலம் நாளாந்தம் பாவிப்பது, வருத்தத்தை வரவிடாமல் அமர்த்தி வைக்கும். நீலம் இழுப்பு வரும்போது உடனே அடிப்பது. 2022-இல் நாடு முழுக்க மருந்துத் தட்டுப்பாடு. போக முன்னர் நாலு பாமசி ஏறி இறங்கியும் கபிலம் ஒன்றுதான் கிடைத்தது. அது ஒக்டோபர் நடுப்பகுதியில் முடிந்தது. நீலம் கையில் இருந்தது, அது போதும் என்று விட்டுவிட்டேன்.

நான் இருந்த அறையின் யன்னல் மூலையில் கறுப்பாகப் பூஞ்சணம். ஹீற்றரைப் போட்டால் கரண்ட் பில்லை ஐந்து பேரும் பிரிக்க வேண்டும், அதனால் ஒருவரும் போடுவதில்லை. குளிர், ஈரம், பூஞ்சணம், இரவு வேலை முடிந்து வரும் வழியில் முகத்தில் அடிக்கும் காற்று. தொய்வுக்கு இதைவிடச் சிறப்பாக ஒருவரும் பந்தி போட முடியாது. தடிமன் வந்தது, சமஹன் குடித்தேன். இருமல் வந்தது, சித்தாலேப பூசினேன். அம்மாவுக்கு வட்ஸ்அப்பில் சொன்னேன், அம்மா ஊரில் தெரிந்த டொக்டரிடம் கேட்டு என்ன குளிசை போடுவது என்று அனுப்பினார், பையில் இருந்த அமொக்சிலினை ஐந்து நாள் போட்டேன். தொய்வுக்கு அமொக்சிலின்! இப்போது நினைத்தால் தலையில் அடிக்கத் தோன்றுகிறது. ஆனால் யோசித்துப் பார்த்தால் இது ஊரில் பழகிய பழக்கம்தான். இங்கே காய்ச்சல் என்றால் பின்னேரம் ஐந்து மணிக்கு சைக்கிளை எடுத்துக்கொண்டு பிரைவேற்றாகப் பார்க்கும் டொக்டரிடம் போவோம், பெயர் சொல்லி நம்பர் எடுப்போம், அரை மணித்தியாலத்தில் கையில் மூன்று வகைக் குளிசையோடு வெளியே வருவோம். காலையில் என்றால் ஆஸ்பத்திரி ஓ.பி.டி, காசே இல்லை. பதிவு, உங்கள் டொக்டர் யார், இந்தக் கதை எதுவுமே எங்களுக்குக் கிடையாது. எந்தக் கதவையும் தட்டலாம் என்ற பழக்கத்தோடு போய், ஒரேயொரு கதவு வழியாக மட்டும் உள்ளே விடும் ஊரில் இறங்குகிறோம்.

அந்தக் கதவின் பெயர்தான் ஜி.பி. உங்கள் வீட்டுக்குக் கிட்ட இருக்கும் ஒரு வைத்திய நிலையத்தில் பெயர் பதிய வேண்டும். அதற்குப் பிறகு காய்ச்சல் முதல் கான்சர் வரை எல்லாம் அங்கேதான் தொடங்கும். விசேட வைத்தியரை நேராகப் போய்ப் பார்ப்போம் என்ற கதை அங்கே சரிவராது, ஜி.பி. அனுப்பினால்தான் உண்டு. பதிவதற்குக் காசில்லை. முகவரி அத்தாட்சியோ அடையாள அட்டையோ விசாவோ இல்லை என்பதற்காக மறுக்கவும் கூடாது, அதுதான் அங்கத்தைய விதி. ஆனால் நான் முதல் கிழமையில் ஒரு இடத்துக்குப் போனபோது வரவேற்பு மேசையில் இருந்தவர் வங்கிக் கடிதம் கொண்டு வா என்றார். எனக்கு அப்போது வங்கிக் கணக்கே திறக்கவில்லை. 'ஓகே, தாங்க்யூ' என்று சிரித்துவிட்டுத் திரும்பி வந்தவள்தான், அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகவே இல்லை. எந்த நிலையம் என்று சொல்லப்போவதில்லை, அந்த மனிசிக்கும் யாரும் விதியைச் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். ஆனால் தங்கச்சிக்குச் சொல்லிவிட்டேன்: அப்படிக் கேட்டால் திரும்பி வராதே, அங்கேயே நின்று, அத்தாட்சி கட்டாயம் இல்லைத்தானே என்று மரியாதையாகக் கேள். இல்லாவிட்டால் ஒன்லைனில் பதி. பதிந்தாயா இல்லையா என்று முதல் கிழமையே போன் எடுத்துக் கேட்பேன் என்றும் சொல்லியிருக்கிறேன்.

அன்றிரவு பதினொன்றரைக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. நீலத்தை அடித்தேன், அடித்தேன், ஒன்றும் ஆகவில்லை. கட்டிலில் குந்தி இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு இருந்தேன், தொய்வுக்காரருக்கு அந்த இருப்புத் தெரியும். 999 அடிக்க வேண்டும் என்று மூளை சொல்கிறது. அம்புலன்ஸ் பில் ஆயிரக்கணக்கில் வருமே என்று இன்னொரு பக்கம் சொல்கிறது. அது அமெரிக்காக் கதை. இங்கிலாந்தில் அம்புலன்ஸுக்குக் காசில்லை. சிரிப்பு என்னவென்றால், ஊரில் 1990 அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வாசலுக்கு வரும், 2018-இல் யாழ்ப்பாணத்துக்கு அது வந்தபோது அம்மம்மாவுக்காக நாங்களே கூப்பிட்டிருக்கிறோம். இலவச மருத்துவத்தில் பிறந்து வளர்ந்த ஒருத்தி, இலவச மருத்துவம் உள்ள இன்னொரு நாட்டில் அம்புலன்ஸ் பில்லுக்குப் பயந்து மூச்சில்லாமல் இருக்கிறேன்.

பக்கத்து அறை நைஜீரியாப் பிள்ளைதான் சத்தம் கேட்டு வந்தாள். அவளுடைய சித்தி அங்கே நேர்ஸ், அதனால் அவளுக்கு எல்லாம் தெரியும். வந்ததும் கேட்ட முதல் கேள்வி: உன்னுடைய ஜி.பி. யார்? இல்லை என்று தலையாட்டினேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை என் அம்மா கூடப் பார்த்ததில்லை. 111 அடித்தாள். அது அவசரம்தானா இல்லையா என்று தெரியாதபோது அடிக்கும் இலக்கம், இருபத்துநாலு மணித்தியாலமும் இருக்கும், தமிழில் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டால் லைனில் எடுத்துத் தருவார்கள், இதுவும் எனக்குப் பிறகுதான் தெரியும். உடனே ஏ அன்ட் ஈக்கு, அதாவது ஆஸ்பத்திரி அவசர சிகிச்சைப் பிரிவுக்கு, போ என்றார்கள். டாக்ஸி பிடித்தோம்.

இனித்தான் இந்தப் பதிவில் நான் உண்மையிலேயே சொல்ல விரும்பிய இடம்.

அங்கே நேர்ஸ் என்ன செய்கிறது என்று கேட்டார். எனக்கு மூச்சு வாங்குகிறது, மனதுக்குள் ஓடுவது 'நெஞ்சு பாரமா கிடக்கு'. அதை அப்படியே 'மை செஸ்ட் இஸ் ஹெவி' என்றேன். அவ்வளவுதான். கட்டிலில் படுக்க வைத்து நெஞ்சு முழுக்க வயர் ஒட்டி ஈ.சி.ஜி. எடுத்தார்கள். மாரடைப்பு என்று நினைத்துவிட்டார்கள். இருபத்தாறு வயது. இருதயம் நன்றாக இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் டொக்டர் ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார்த்துவிட்டு, உனக்கு ஆஸ்துமா இருக்கிறதா என்று கேட்டார். ஆஸ்துமா என்ற சொல் எனக்குத் தெரியாதா? தெரியும். ஐ.ஈ.எல்.டி.எஸ்ஸில் ஏழு எடுத்தவள். ஆனால் வருத்தம் வரும்போது ஆங்கிலம் ஓடிவிடுகிறது, வீட்டுச் சொல்தான் வாயில் நிற்கிறது. குத்துது, உளையுது, விறைக்குது, எரியுது, கூசுது, அந்தரப்படுத்துது, பிசைஞ்சு கொண்டு வருது. எங்களிடம் நோவுக்கு எத்தனை சொல்! இதில் 'அந்தரம்' என்பதை ஒரு இங்கிலாந்து டொக்டருக்கு விளங்கப்படுத்திப் பாருங்கள். 'சூடு' என்று சொன்னால் காய்ச்சல் பார்க்கும் கருவியைக் காதில் வைப்பார்கள். 'வாய்வு' கதை இன்னும் மோசம், அதை எழுதவில்லை.

இதை யோசிக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் ஊர் கிறீன் ஆஸ்பத்திரிதான் ஞாபகம் வரும். 1847-இல் அமெரிக்காவிலிருந்து சாமுவேல் கிறீன் என்று ஒரு டொக்டர் கப்பலேறி யாழ்ப்பாணத்துக்கு வந்தார். வந்தவர் தமிழ் படித்தார், மானிப்பாயில் இருந்துகொண்டு எங்கள் பெடியன்களுக்கு மேல்நாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார், உடற்கூற்றியல் புத்தகத்தைக் கூடத் தமிழாக்கினார். நோயாளியின் வாயில் என்ன சொல் இருக்கிறதோ அந்தச் சொல்லில் வைத்தியம் நடக்க வேண்டும் என்று அந்த மனிதர் அந்தக் காலத்திலேயே நினைத்திருக்கிறார். சித்தி வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம் அந்த ஆஸ்பத்திரி. சின்ன வயதில் அதன் வாசலால் எத்தனை தரம் போயிருப்பேன், அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று நான் தேடிப் படித்தது இங்கிலாந்தில் ஒரு நூலகத்தில் இருந்துகொண்டு, ஈ.சி.ஜி. எடுத்த அடுத்த மாதம்.

இரவு முழுக்க நெபுலைசர் பிடித்தார்கள், ஸ்டீரொய்ட் குளிசை ஐந்து நாளுக்குத் தந்தார்கள். மூன்று மணிபோல் மூச்சு சீரானது. அப்போது பார்த்து அம்மாவின் போன். அங்கே மூன்று என்றால் யாழ்ப்பாணத்தில் காலை எட்டரை, கோயிலுக்குப் போய்விட்டு வந்து வழக்கம்போல் எடுத்திருக்கிறார். எடுக்காவிட்டால் பயப்படுவார் என்று எடுத்தேன். எனக்குப் பின்னால் ஒரே சத்தம், யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்.

"எங்க நிக்கிறாய்?"

"பஸ் ஸ்ராண்டில அம்மா."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "உங்க இப்ப விடியப்புறம் மூண்டு மணியெல்லே?"

வேலை முடிஞ்சு வாறன் என்று சமாளித்தேன். நம்பினாரா இல்லையா என்று பிறகு ஒன்றரை வருடம் எனக்குத் தெரியாது.

அந்தக் கிழமையே பதிந்தேன், வேறொரு நிலையத்தில். அதற்குப் பிறகும் எல்லாம் பூவும் பாலுமாக இருந்தது என்று நினைக்க வேண்டாம். அப்போது காலை எட்டு மணிக்குப் போன் அடித்தால்தான் அன்றைக்கு இடம், எட்டு மணி ஒரு நிமிடத்துக்கு அடித்தால் வரிசையில் இருபத்தேழாவது ஆள் என்று மெஷின் சொல்லும். கிடைத்தாலும் பத்து நிமிடம். தடிமனுக்குப் போனால் தண்ணீர் குடி, பரசிட்டமோல் போடு என்று அனுப்பிவிடுவார்கள். (பரசிட்டமோல்தான் பனடோல். அங்கே சுப்பர் மார்க்கெட்டில் ஒரு பெட்டி ஒரு பவுண்ஸுக்கும் குறைய. பத்துக் கார்ட் கட்டிக்கொண்டு போகத் தேவையில்லை சித்தி.) எங்கள் ஆட்கள் இதில்தான் மனம் வெறுத்து, மருந்து தராத டொக்டரும் ஒரு டொக்டரா என்று போவதையே விட்டுவிடுகிறார்கள். ஆனால் தொய்வு, சீனி, பிரஷர் மாதிரி நெடுகப் பார்க்க வேண்டிய வருத்தம் என்றால் அந்த முறை நன்றாகத்தான் வேலை செய்கிறது. ஆஸ்துமாவுக்கென்றே ஒரு நேர்ஸ் இருபது நிமிடம் இருத்தி, நான் பதினைந்து வருடமாக இன்ஹேலரைப் பிழையாக இழுத்து வந்திருக்கிறேன் என்று காட்டித் தந்தார். இப்போது அங்கே பாமசியிலேயே தொண்டை நோ, சைனஸ், பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் காது நோ, பெண்களுக்குச் சலக்கடுப்பு மாதிரி ஏழு வருத்தத்துக்கு டொக்டரிடம் போகாமலே மருந்து தருகிறார்கள், 2024 ஜனவரி முடிவில் தொடங்கியது. எனக்கு அது கிடைக்கவில்லை.

இலவசம் என்று சொன்னேன், ஆனால் மருந்து இலவசம் இல்லை. இங்கிலாந்தில் மருந்துத் துண்டில் ஒவ்வொரு மருந்துக்கும் காசு, அப்போது 9.35 பவுண்ஸ், இப்போது 9.90. நீலமும் கபிலமும் என்றால் இரண்டு மருந்து. நான் மிச்சம் பிடிப்பதற்காக முதல் முறை நீலத்தை மட்டும் எடுத்தேன், பாமசிக்காரர் நிமிர்ந்து பார்த்து, நீ விடவே கூடாதது கபிலத்தைத்தான் என்று திட்டாத குறையாகச் சொல்லி இரண்டையும் எடுக்க வைத்தார். வருமானம் குறைந்தவர்களுக்கு எச்.சி.1 என்று ஒரு படிவம் இருக்கிறது, மாணவரும் நிரப்பலாம், சரிவந்தால் எச்.சி.2 சான்றிதழ் வரும், மருந்து, பல், கண் சோதனை எதற்கும் காசு வாங்கமாட்டார்கள். நான் நிரப்பினேன், சில கிழமைகளில் வந்தது. எனக்கு இதைச் சொல்லித் தந்ததும் அந்த நைஜீரியாப் பிள்ளைதான். தைரொயிட் குறைவுக்குக் குளிசை போடுகிறவர்கள், சீனிக்கு மருந்து எடுப்பவர்களுக்கு வேறு ஒரு விலக்கு இருக்கிறது, அவர்களுக்கு எல்லா மருந்துமே இலவசம். ஆஸ்துமா அந்தப் பட்டியலில் இல்லை, ஏன் என்று கேட்காதீர்கள். ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து என்றால் மருந்துக்கு ஒருவருக்கும் காசில்லை.

பல்லை இங்கேயே பார்த்துவிட்டுப் போங்கள். கெஞ்சிக் கேட்கிறேன். அரசாங்க முறையில் புதியவரை எடுக்கும் பல் டொக்டரைக் கண்டுபிடிப்பது அங்கே பிறந்தவர்களுக்கே குதிரைக்கொம்பு. கண்ணாடி போடுகிறவர்கள் இரண்டு சோடி இங்கேயே செய்துகொள்ளுங்கள். சின்ன வயதில் ஊசி போட்ட அட்டையைத் தேடி எடுங்கள், இருபத்தைந்து வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மூளைக்காய்ச்சல் ஊசி ஒன்று ஜி.பி.யில் இலவசமாகப் போடுவார்கள், அப்போது கேட்பார்கள்.

நோவை ஒன்றிலிருந்து பத்துக்குள் சொல் என்று கேட்பார்கள், அதுவும் எங்களுக்கு வராத கலை. ஜனவரியில் ஐஸில் சறுக்கி விழுந்து மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு போனேன். எத்தனை என்று கேட்டார்கள். எங்கள் வீட்டில் நோவைக் கூட்டிச் சொன்னால் 'நடிக்கிறாள்' என்பார்கள், அந்த வளர்ப்பில் வந்தவள் 'மூன்று' என்றேன். நாலு மணித்தியாலம் கதிரையில் இருந்தேன். எனக்குப் பிறகு வந்த ஒரு பெடியன் விரலைப் பிடித்துக்கொண்டு 'ஒன்பது' என்றான், உள்ளே போய்விட்டான். எக்ஸ்ரேயில் எனக்கு எலும்பு வெடிப்பு. அவனுக்கு என்ன என்று தெரியாது, நல்லாயிருக்கட்டும்.

கனடாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் போகிறவர்கள் எங்கள் பக்கம் அதிகம், அவர்களுக்கு இந்தக் கதை அப்படியே பொருந்தாது. அவுஸ்திரேலியாவில் விசா காலம் முழுக்க ஓ.எஸ்.எச்.சி என்ற மாணவர் காப்புறுதி எடுத்தாக வேண்டும், மெடிக்கெயர் என்ற அரசாங்கக் காப்பு எங்களுக்கு இல்லை, சில டொக்டர்மார் காப்புறுதி கொடுப்பதைவிடக் கூட எடுப்பார்கள், அந்த மிச்சம் உங்கள் கையால்தான். கனடாவில் மாகாணத்துக்கு ஒரு சட்டம். ஒன்டாரியோவில் மாணவருக்கு அரசாங்கக் காப்பு இல்லை, பல்கலைக்கழகமோ கொலிச்சோ தன் காப்புறுதியில் சேர்க்கும். பிரிட்டிஷ் கொலம்பியாவில் மாதம் 75 டொலர் கட்டி மாகாணத் திட்டத்தில் சேரலாம், ஆனால் தொடங்க இரண்டு மூன்று மாதம் எடுக்கும், அதுவரைக்கும் வேறு காப்புறுதி தேவை. ஸ்காபரோவில் பெரியம்மா இருக்கிறா, அவ பார்ப்பா என்று போகிற பிள்ளைகளுக்கு: பெரியம்மாவின் ஹெல்த் கார்டில் நீங்கள் டொக்டரிடம் போக முடியாது.

இன்னொன்று. அதே வருடம் எங்கள் பக்கத்துத் தம்பி ஒருவன் அந்த நகரத்துக்கு வந்தான். படிப்புக் காலத்தில் கிழமைக்கு இருபது மணித்தியாலம்தான் வேலை செய்யலாம், அவன் எடுத்தது அத்தனையும் இரவு ஷிப்ட். பின்னேரம் நாலு மணிக்கே இருட்டிவிடும் மாதங்கள், அவன் பகலில் படுத்து இருட்டில் எழும்பினான். பிறகு படுத்தாலும் நித்திரை இல்லை, சாப்பாடு இல்லை, போனை எடுப்பதில்லை. ஜி.பி.யிடம் போ என்றேன். 'அக்கா, உவங்கள் கம்பஸுக்கு அறிவிப்பாங்கள், விசாவை வெட்டுவாங்கள்' என்றான். அப்படி இல்லை. டொக்டரிடம் சொல்வது டொக்டரோடுதான், உன் உயிருக்கோ மற்றவர் உயிருக்கோ ஆபத்து என்றால் தவிர. சுகாதாரக் கட்டணம் கட்டிய ஒருவர் வைத்தியம் பார்த்தார் என்பதற்காக விசாவில் கை வைப்பதில்லை. பல்கலைக்கழகத்திலேயே காசில்லாமல் கதைத்துப் பார்க்க ஆள் இருக்கிறது. இதெல்லாம் சொன்னேன். ஆனால் அவனுடைய உண்மையான பயம் கம்பஸும் இல்லை, விசாவும் இல்லை. ஊரில் யாராவது 'அவன் விசருக்கு மருந்து எடுக்கிறானாம்' என்று சொல்லிவிடுவார்கள் என்பதுதான். காணி ஈடு வைத்து அனுப்பிய பிள்ளை, அதைச் சொல்ல இடமில்லை. மூன்றாவது தடவை நானே கூட்டிக்கொண்டு போய் வெளியே வாங்கில் இருந்தேன். பத்து நிமிடம் என்று உள்ளே போனவன் அரை மணித்தியாலம் கழித்து வந்தான். என்ன கதைத்தான் என்று நான் கேட்கவில்லை. வரும் வழியில் பசிக்குது அக்கா என்றான், கோழி வாங்கிச் சாப்பிட்டோம்.

சித்தியின் பையைப் பிரித்தோம். அமொக்சிலினையும் மஞ்சள் குளிசையையும் வெளியே எடுத்தேன். தங்கச்சிக்கும் தொய்வு இருக்கிறது, எங்கள் பரம்பரைச் சொத்து, அதனால் இன்ஹேலர் மூன்று மாதத்துக்கும், மருந்தின் பொதுப்பெயர் போட்டு டொக்டர் எழுதித் தந்த கடிதமும் கைப்பையில். பனடோல் இரண்டு கார்ட். சமஹனைத் தொடச் சித்தி விடவில்லை. நானும் பெரிதாக மல்லுக்கட்டவில்லை, உண்மையைச் சொன்னால் அங்கே குளிரில் அதன் மணம் ஒரு மருந்துதான். தராசில் இப்போது எண்ணூறு கிராம், மிச்ச இடத்துக்கு இன்னும் கொஞ்சம் ஒடியல்மா போனது.

இரவு தங்கச்சி தான் இருக்கப்போகும் விடுதிக்குக் கிட்ட உள்ள ஜி.பி. நிலையத்தின் ஒன்லைன் படிவத்தைத் தேடி எடுத்து என்னிடம் காட்டினாள். போன பிறகுதான் அனுப்பலாம், ஆனால் என்னென்ன கேட்கிறார்கள் என்று கொப்பியில் எழுதிப் பழகுகிறாள். பெயர், பிறந்த திகதி, பழைய வருத்தங்கள், ஒவ்வாமை. அவசரத்துக்கு யாரைத் தொடர்புகொள்வது என்ற இடத்தில் என் நம்பரை எழுதியிருந்தாள்.

"அம்மாட நம்பரைப் போடேல்லையோ?" என்று மெல்லக் கேட்டேன்.

"அம்மா பயந்திடுவா அக்கா."

உள்ளே சித்தி சமஹன் பெட்டியைச் சேலைத் துண்டில் சுற்றிக்கொண்டிருந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. நம்பரின் கடைசி இலக்கத்தை மட்டும் பிழையாக எழுதியிருந்தாள், திருத்திக் கொடுத்தேன்.